விசர் பிடித்தவர்களுக்குக் கொழும்பில் சில கடைகள்

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி எங்களுக்கு எழுதியிருந்தான். ஏ.எல் முடித்துவிட்டுப் படிக்கக் கொழும்புக்கு வரப்போகிறானாம். "அண்ணாக்கள், ஆர்டுயினோ, சோல்டரிங் அயன், கொமிக்ஸ் புத்தகம் எல்லாம் அங்க எந்தக் கடையில வாங்கலாம்? லிஸ்ட் ஒண்டு தாங்கோ" என்று கேட்டிருந்தான். முதலில் ஒரு திருத்தம்: எங்கள் நாலு பேரில் ஒரு அக்காவும் இருக்கிறா. சோல்டர் பிடிப்பதில் எங்கள் எல்லாரையும் விட அவவுக்குத்தான் கை நடுங்காது.

இந்த மாதிரி ஆக்களை 'கீக்' என்கிறார்கள். எங்கள் வீடுகளில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது: விசர். "உவனுக்கு ரேடியோ விசர்", "உவளுக்குப் புத்தக விசர்." ஆகவே இது விசர் பிடித்தவர்களுக்கான லிஸ்ட். கடைகளுக்கு நட்சத்திரம் போட்டுத் தரப்படுத்த எங்களுக்குத் தெரியாது. நாங்கள் காசு கொடுத்த, ஏமாந்த, திரும்பத் திரும்பப் போன இடங்களைச் சொல்கிறோம்.

முதலில் புறக்கோட்டை. வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தால் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் ஏறினால் போதும், கடைசித் தரிப்பிடம் அதுதான். அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். செட்டியார் தெரு என்றால் நகை. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பள்ளிவாசலைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். எங்கள் தெரு முதலாம் குறுக்குத் தெரு. வயர், சுவிட்ச், பல்ப், போன் சாமான், ஸ்பீக்கர், சோலார் பனல் எல்லாம் அங்கேதான். ஆனால் ரெசிஸ்டர், கப்பாசிட்டர், சென்சர் போன்ற சின்னச் சாமான்கள் முன்னுக்கு இருக்காது. உள்ளே போய், படி ஏறி, இடுக்கில் திரும்பினால்தான் நூறு லாச்சி வைத்த கடையைக் காணலாம்.

நாங்கள் போவது ஒரு நானாவின் கடைக்கு. கடையின் பெயரைச் சொல்லவில்லை, அவருக்கு அது பிடிக்காது. 2018இல் முதல் தடவை போனபோது எங்களுக்குச் சிங்களத்தில் ஒன்று தொடக்கம் பத்து வரை எண்ண மட்டும்தான் தெரியும். அதற்கு முன் ஏறி இறங்கிய வேறு கடைகளில், கேள்வி கேட்டவள் எங்கள் தோழி, பதில் வந்ததோ பக்கத்தில் சும்மா நின்ற பெடியனுக்கு. நானா மட்டும் அவளைப் பார்த்து, "சொல்லுங்க மகள், எத்தனை வோல்ட்டுக்கு?" என்று கேட்டார். அதோடு எங்களுக்கு வேறு கடை இல்லை என்றாகிவிட்டது.

ஒன்லைனில் சீனாவிலிருந்து எடுத்தால் மலிவுதானே என்று கேட்பீர்கள். மலிவுதான். ஆனால் வரக் கிழமைக் கணக்கு ஆகும். அதோடு, எடுத்தது பிழையான சாமான் என்று ஒன்லைன் உங்களுக்குச் சொல்லாது. நானா சொல்வார். "இந்த மோட்டரை நேரே ஆர்டுயினோ காலில குடுக்காதீங்க தம்பி, போர்ட் செத்துப் போகும், நடுவில டிரைவர் ஒண்டு போடுங்க" என்று சொல்லி எங்கள் முதல் போர்ட்டைக் காப்பாற்றியவர் அவர். ஊனோ போர்ட்டில் 14 டிஜிட்டல் கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன எல்.ஈ.டி எரிக்கிற அளவு கரண்ட் தரும், மோட்டரைச் சுற்ற அது காணாது. இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறதுதான். நாங்கள் புத்தகம் வாசிப்பதற்கு முன்பே கடைக்குப் போகிற ஆக்கள்.

இனிச் சொல்லப்போவது கடை விபரம் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அந்தத் தெருவைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நாங்கள் மூன்று கிழமை புறக்கோட்டைப் பக்கம் போகவில்லை. அம்மாமார் போகவேண்டாம் என்று அழுதது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால், நானாவின் முகத்தில் முழிக்க ஏலாது. அந்த நாட்களில் ஆட்கள் எந்தெந்தக் கடைகளுக்குப் போகாமல் விட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து எங்கள் பைகளைத் திறந்து பார்த்தவர்களைக் குறை சொல்லி வளர்ந்த நாங்களும், மூன்று கிழமை அந்தப் படியில் ஏறாமல்தான் இருந்தோம்.

பிறகு ஒரு போட்டிக்கு, கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் ரோபோ ஒன்று செய்யவேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் போனோம். கடையில் ஒருவரும் இல்லை. நானா, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. சாமான்களை எடுத்து வைத்துவிட்டு பில் எழுதத் தொடங்கினார். வழக்கமாக மொத்தத்தை மட்டும் ஒரு துண்டில் எழுதித் தருகிறவர், அன்று சிங்களத்தில் ஒவ்வொரு சாமானாக, எண்ணிக்கையோடு எழுதினார். பட்டரி கூடு 1, வயர் இவ்வளவு, பஸர் 1, மோட்டர் 2, சில்லு 2. கீழே கடை முத்திரை குத்தினார். நேரம் போகிறதே என்று எங்களுக்கு எரிச்சல்.

திரும்பி வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பையைத் திறந்தவர் பட்டரி கூட்டையும் வயரையும் பஸரையும் ஒன்றாகப் பார்த்ததும் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். ரோபோ என்பதைக் கையால் ஓட்டிக் காட்டினோம், அது இன்னும் மோசமாகப் போனது. ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்ற பிறகுதான் எங்களில் ஒருவனுக்குப் பில் ஞாபகம் வந்தது. அந்த அதிகாரி அதை வாசித்து, ஒவ்வொரு சாமானாக எடுத்து மேசையில் வைத்து, வரிக்கு வரி சரி பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. போகச் சொன்னார்.

அடுத்த கிழமை நானாவிடம் சொன்னபோது அவர் தலையை நிமிர்த்தவில்லை. "பில் இருந்தா அது சாமான் தம்பி. இல்லாட்டி சந்தேகத்துக்கிடமான பொருள். இப்ப எங்கட பேக்கையும் அப்படித்தான் பார்க்கிறாங்க" என்றார்.

அடுத்தது பம்பலப்பிட்டி. காலி வீதியில் மெஜஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற யுனிட்டி பிளாசா, கொம்பியூட்டர் விசருக்கான இடம். மாடி மாடியாக மதர்போர்ட், ராம், கிராபிக்ஸ் கார்ட், கீபோர்ட். காசு இல்லாவிட்டாலும் ஏ.சியில் நின்று பார்க்கலாம், ஒருவரும் துரத்தமாட்டார்கள். வாங்குவதென்றால் ஒரே கடையில் முடிக்காமல் மூன்று கடையில் விலைப் பட்டியல் எழுதி வாங்குங்கள். ஒரே சாமானுக்கே கடைக்குக் கடை விலை மாறும். கரன்டி எத்தனை வருசம், அதைக் கொடுப்பது கடையா கொம்பனியா என்று கேட்டு பில்லில் எழுதுவியுங்கள். பாவித்த சாமான் என்றால் ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த மாடிக்குப் போங்கள்.

புத்தக விசர் உள்ளவர்கள் டி.ஆர். விஜேவர்தன மாவத்தைக்குப் போகவேண்டும். பழைய ஆட்கள் மக்கலம் றோட் என்பார்கள். வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள். முன்னுக்கு ஏ.எல் பாஸ் பேப்பர்களும் பாடப் புத்தகங்களும் அடுக்கியிருப்பார்கள், நீங்கள் தேடுவது பின்னுக்கு இருக்கும். டின்டின், அஸ்டெரிக்ஸ், அட்டை கிழிந்த விஞ்ஞானப் புனைகதைகள், எப்போதோ நின்றுபோன எலெக்ட்ரோனிக்ஸ் சஞ்சிகைகள் எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. ஒருநாள் ஒரு கட்டுக்குள் தமிழ் கொமிக்ஸ் ஏழு அகப்பட்டது. கடைக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நிறுத்து விற்பதுபோல ஒரு விலை சொன்னார். பேரம் பேசவே எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

சிவகாசியில் முத்து கொமிக்ஸ் 1972இல் தொடங்கியது. அதன் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. லயன் கொமிக்ஸ் 1984இல் வந்தது. மாயாவி ஆங்கிலத்திலிருந்து வந்தவர்தான். ஆனால் எங்கள் மாமாமாருக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும். நாங்கள் நாலு பேரும் கரண்ட் அடி வாங்கியிருக்கிறோம், ஒருவரும் மறையவில்லை. கொழும்பில் 2015 தொடக்கம் லங்கா கொமிக் கொன் என்று ஒரு விழாவும் நடந்திருக்கிறது. நாங்கள் போன முறை ஸ்பைடர்மேன்கள் நிறைய நின்றார்கள். மாயாவி வேஷத்தில் ஒருவரையும் காணவில்லை. அடுத்த முறை எங்களில் ஒருவன் போடுவதாகச் சொல்லியிருக்கிறான், இரும்புக் கை செய்யும் வேலை நடக்கிறது.

புதுத் தமிழ்ப் புத்தகம் என்றால் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் பூபாலசிங்கம், புறக்கோட்டை பீப்பிள்ஸ் பார்க்கில் சேமமடு. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி வரும், அதற்கு இப்போதிருந்தே உண்டியல் வையுங்கள்.

இனி பட்டரி. இதுதான் நாங்கள் அதிகம் படித்த பாடம்.

2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து சில கிழமைக்குள் 300ஐத் தாண்டியது. மாத முடிவில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எங்களுக்கு ஒன்லைனில் சோதனை. நானாவின் லாச்சிகளில் விலை பென்சிலால் எழுதியிருந்தது, அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருந்தது. பாதி லாச்சி வெறுமை. ரவுட்டருக்கு யு.பி.எஸ் வாங்கக் காசில்லை. பழுதான லப்டொப் பட்டரிகளை நானா மூலையில் போட்டு வைத்திருந்தார். அவற்றைப் பிரித்து 18650 செல்களை எடுத்தோம். 18 மில்லிமீற்றர் அகலம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதால் அந்தப் பெயர். மூன்றைத் தொடராகப் போட்டால் 11.1 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறினால் 12.6. நடுவில் காவல் போர்ட் ஒன்றும், வோல்டேஜை 12இல் பிடித்து வைக்கிற போர்ட் ஒன்றும் போட்டால் ரவுட்டர் ஓடும். மீற்றரில் 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டுகிற செல்லை எடுக்கவேண்டாம், திரும்பச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. புதுசு வாங்குகிறீர்கள் என்றால், 9900 என்று அச்சடித்த செல்லைத் தொடாதீர்கள். இந்த அளவுச் செல்லில் நல்லதே 3500 மில்லி அம்பியர் மணிக்கு மேல் பெரிதாகப் போகாது. மிச்சம் எல்லாம் ஸ்டிக்கர்.

ஊருக்கு இரண்டாவது ஒன்று செய்து கொண்டுபோனோம். எங்களில் ஒருவனின் அம்மப்பா அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதுக்குப் பில் இருக்கோ?" என்று கேட்டார். திடுக்கிட்டுப் போனோம். பிறகுதான் கதை வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பட்டரி கொண்டுவரத் தடை. கரண்டும் இல்லை. செய்தி கேட்க ரேடியோ மட்டும்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் நாலு டயோட் போட்டு, பெடலைக் கையால் சுற்றி பி.பி.சி தமிழோசை கேட்டிருக்கிறார்கள். "நாலு பட்டரி போடுற ரேடியோ ஆறு வோல்ட். டைனமோவும் ஆறு வோல்ட். கடவுளாப் பார்த்துப் பொருத்தினது. ஆனா சுத்துறவன் களைச்சா செய்தி வாசிக்கிறவரும் களைச்சுப் போவார்" என்று சிரித்தார். டயோட் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டோம். "கடையோ? செத்த ரேடியோவிலயிருந்து கழட்டினது."

அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவரை ஒருவரும் கீக் என்று சொன்னதில்லை. எங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கிற விசர், அவருக்கு இன்றைக்கு எங்கே குண்டு விழுந்தது என்று அறிகிற வழியாக இருந்திருக்கிறது. அந்தப் பெட்டி இப்போது அவரின் தலைமாட்டில் ரவுட்டரோடு இருக்கிறது. பில்லை அவர் கேட்டு வாங்கி, பெட்டியின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

தம்பி, நானாவின் கடையின் முன்பக்கம் இப்போது முழுக்கப் போன் கவர். லாச்சிகள் பின்னுக்குப் போய்விட்டன. "இதை வாங்க வாறது உங்களப் போல அஞ்சாறு பேர், அதுக்காக வைச்சிருக்கிறன்" என்கிறார். அந்த ஐந்தாறு பேரை ஏழெட்டாக்கத்தான் இதை எழுதுகிறோம். ஞாயிறும் போயா நாளும் போகாதே, பெரும்பாலான கடைகள் பூட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா, அந்த நேரத்தையும் விடு. சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் நில், கூட்டிக்கொண்டு போகிறோம். ஒரு மீற்றர் வாங்கக் காசு கொண்டுவா. பில்லை அவரே எழுதித் தருவார், அவசரப்படுத்தாதே.