ஒரு 'ங்க' குறைகிறது

மார்கழி சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நழுவுகிறவர்களைப் பற்றி நிறைய எழுதியாச்சு. எங்க புதுச்சத்திரம் பக்கத்து மாரியம்மன் நோம்பிகளில் அந்தக் குறையே கிடையாது. பறை முழங்கினால் ஒருத்தரும் நகர மாட்டார்கள். வளைத்து நின்று ஆடுவார்கள், விசிலடிப்பார்கள், ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார்கள்.

ரசனையில் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

அடித்துக்கொண்டே இருந்தால் தோல் தளரும், ஓசை மங்கும். தீ மூட்டிக் காய்ச்சினால்தான் பறை மறுபடி பேசும். மிருதங்கக்காரர் மேடையில் சுருதி சேர்க்கும்போது சபையே பொறுமையாக இருக்கும். இங்கே பறையைத் தீயில் காட்டப் போனால் கமிட்டி இளவட்டம் ஒருத்தன், "டேய், என்னடா ஓய்வு, அடி!" என்பான். அதட்டப்படுபவருக்கு அவன் அப்பா வயசு இருக்கும். சாப்பாடும் எல்லாப் பந்தியும் முடிந்த பிறகுதான்.

2025இல் அலங்காநல்லூர் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அரசு மரியாதை டெல்லியிலிருந்து வந்துவிட்டது. ஊர் மரியாதைக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவதுதான் கொங்குப் பேச்சு என்று பெருமைப்படுகிறோம். பறைக்காரரிடம் பேசும்போது மட்டும் அது வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.