இடி மேல் போட்ட பழி

இடி விழுந்து என் ஹாம் ரேடியோ செட் போய்விட்டது என்று, வானலையில் நாங்கள் கூடிப் பேசும் காலை நெட்டில் சொன்னேன். ஹாம் நண்பர்கள் உச்சுக்கொட்டினார்கள். மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர், தன்னிடம் சும்மா கிடந்த பழைய செட்டைப் பார்சலில் அனுப்பிவைத்தார். இன்றுவரை அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இடி இடித்தது உண்மை. செட்டை எரித்தது நான்.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காராதே, இடி கேட்டால் மருந்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வா என்று கத்தியே காலம் போனது. அதே ஆள் வீட்டில் செய்ததைக் கேளுங்கள்.

மொட்டை மாடியில் இரண்டு ஆன்டெனா. 40 மீட்டர் பேண்டுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பியில் டைபோல், 144 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு வெர்டிகல். ஐப்பசியில் வானம் கருத்தால் மாடியேறி கேபிளைக் கழற்றிப் போட வேண்டும். முழங்கால் வலியைச் சாக்காக வைத்து ரிமோட் ரிலே பெட்டி ஒன்று மாட்டினேன். 433 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியில் வேலை செய்வது. கேட் திறக்கவும், வாணவேடிக்கையில் பேன்சி ஷாட்டைத் தூரத்திலிருந்து பற்றவைக்கவும் பயன்படுகிற அதே ரகம். கட்டிலில் படுத்தபடியே ஒரு பொத்தானில் டைபோல், அடுத்ததில் வெர்டிகல், மூன்றாவதில் எர்த்.

மின்சாரம் இல்லாதபோது ரிலே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் எர்த்தைக் கொடுப்பதுதான் முறை. கரண்ட் போனாலும் ஆன்டெனா தானாகத் தரைக்குப் போய்விடும். நானோ அங்கே டைபோலைக் கொடுத்தேன். தினமும் பேசுவது அதில்தானே, ரிலே நாள் முழுக்கச் சூடாகிக் கிடக்க வேண்டாம் என்று ஒரு கணக்கு.

“அண்ணே, கரண்ட் போனா ரிலே எங்க போய் நிக்கும்?” என்று ஒரு தம்பி அப்போதே கேட்டான்.

“அதான் இன்வெர்ட்டர் இருக்குல்லப்பா” என்று அவன் வாயை அடைத்தேன். மாடிப் பெட்டி இன்வெர்ட்டர் லைனில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று இடி நெருங்கியதும் எர்த் பொத்தானை அழுத்தினேன். ரிமோட்டில் சிவப்பு விளக்கு மின்னியது. அலை கிளம்பிவிட்டது என்பதற்குத்தான் அந்த விளக்கு. மாடியில் ரிலே மாறியதா, மாறிய இடத்திலேயே நிற்கிறதா என்று அது சொல்லாது. சற்று நேரத்தில் கரண்ட் போனது, ரிலே டைபோலுக்குத் திரும்பியது. பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னல் கம்பியில் தூண்டிய மின்னழுத்தம் கேபிள் வழியே இறங்கி, ரிசீவரின் முன்பகுதியைத் தீய்த்துவிட்டது. செட்டின் பின்னாலிருந்த கேபிளைக் கையால் உருவியிருந்தாலே போதும். கட்டிலுக்கும் செட்டுக்கும் நாலடிதான்.

மறுநாள் செய்தது அதைவிடக் கேவலம். நண்பர்கள் பார்க்க வருகிறார்கள் என்றதும், அவசரமாக மாடியேறி வயரிங்கை மாற்றிவைத்தேன். முழங்கால் அன்றைக்கு வலிக்கவில்லை. வந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான இருக்கு, உங்க நேரம்ணே” என்றார்கள். தலையாட்டினேன்.

எர்த் கொடுத்தும் செட் போய்விட்டது என்று நம்பிய இளசுகள், இனி எர்த் எதற்கு என்று இருந்துவிடலாம். என் பொய்யில் அதுதான் ஆபத்து. ரிலேயின் முனைகளுக்கு இடையே இருப்பது மில்லிமீட்டர் கணக்கில்தான். ஒழுங்காக வயரிங் செய்திருந்தாலும், கேபிளைக் கழற்றிப் போடுவதற்கு அது ஈடாகாது.

இடி விழுந்தது, மருந்து உராய்ந்தது என்று காரணம் சொல்லிவிட்டால் ஆளைத் தேட வேண்டியதில்லை. போர்மேனாக இருந்தபோது அந்தச் சாக்கை யார் சொல்லியும் நான் ஏற்றதில்லை. எனக்கு மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

பார்சலில் வந்த செட்டைத் திருப்பி அனுப்புகிறேன். நெட்டில் இதையே வாசிக்கப் போகிறேன். பழைய வயரிங்கையும் வரைந்து எல்லோருக்கும் அனுப்புகிறேன். அந்தத் தம்பிக்கு முதலில்.