ஆறடிக்குள் வந்தால் மட்டும்

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று இரவு மரப்பாச்சியைப் படுக்கவைத்தாயிற்று. இன்று காலை கொலுவைப் பிரித்தோம். தசாவதாரத்தைப் பழைய துணியில் சுற்றி, செட்டியாரின் மூக்கு இந்த வருடமும் தப்பித்ததா என்று பார்த்து, மூன்று அட்டைப்பெட்டிகளையும் பேஸ்மென்ட்டுக்கு இறக்கினேன். வெறுங்கையோடு மாடி ஏற மனம் வராமல் ஹாலோவீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒஹாயோவுக்கு வந்த பதினொரு வருடத்தில் இதுவே வழக்கமாகிவிட்டது. உள்ளே இருந்த பொம்மைகள் கீழே போகும், கீழே கிடந்தவை வாசலுக்குப் போகும்.

மொத்தம் மூன்று உருப்படி. யாரோ வீட்டு கராஜ் சேலில் நாலு டாலருக்கு வாங்கிய சூனியக்காரி. இடுப்புவரை மட்டுமே உள்ள எலும்புக்கூடு. ஏதோ ஒரு வருடம் சீசன் முடிந்த மறுநாள் பாதி விலையில் கிடைத்த, கறுப்பு அங்கி போட்ட ஆளுயரப் பேய். இவர்களுக்கு பேட்டரி போட்டுக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்: “போன வருஷம் நிறைய குட்டிப் பசங்க நடைபாதையிலேயே நின்னு பார்த்துட்டுப் போயிட்டாங்கம்மா. அங்கேருந்து பார்த்தா எதுவுமே ஆடலை.”

டேப் பிடித்து அளந்தேன். நடைபாதையிலிருந்து வாசற்படி 38 அடி. பேயின் அட்டைப்பெட்டியில், ஆறடிக்குள் ஆள் வந்தால் ஆடும் என்று போட்டிருக்கிறது. ஆக, பயப்படாமல் கிட்டே வருகிறவனுக்குத்தான் பயம் காட்டுகிறது. பயந்து தள்ளி நிற்கிறவனுக்கு வெறும் துணிப்பொம்மை. இது என்ன நியாயம்?

அக்டோபர் 15, செவ்வாய்

மூன்று பேருக்கும் சென்சார் வேறு வேறு. எலும்புக்கூட்டுக்குக் காது: நெஞ்சுக்குள் சின்ன மைக், கை தட்டினால் தாடையை ஆட்டிச் சிரிக்கும். பேய்க்கு பி.ஐ.ஆர். உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை இரண்டு பாதிகளாக உள்ள சில்லு வாங்கிக்கொள்கிறது. ஆள் நகரும்போது ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் வித்தியாசம் விழுமே, அதைத்தான் கவனிக்கிறது. அசையாமல் நின்றால் அதற்கு நாம் இல்லை. சுற்றுப்புறமும் உடம்பும் ஒரே சூட்டில் இருந்தாலும் தடுமாறும். சென்னையில் மே மாதப் பகலில் இதை வாசலில் வைத்தால் ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கும்.

சூனியக்காரிக்கு ஒளி சென்சார். வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும், நிழல் விழுந்தால் கூடும். அந்த மாற்றம்தான் அவளை எழுப்புகிறது. மாறுவதற்கு முதலில் வெளிச்சம் வேண்டுமே! எங்கள் ஊரில் பிள்ளைகள் மிட்டாய்க்கு வரும் நேரம் மாலை 6 முதல் 8 வரை. 31ஆம் தேதி இங்கே சூரியன் மறைவது ஏறக்குறைய 6.30க்கு. 2007க்கு முன்பு அக்டோபர் கடைசி ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். இப்போது நவம்பர் முதல் ஞாயிறு. அந்தப் புண்ணியத்தில்தான் இந்த அரை மணி வெளிச்சமும். ஏழு மணிக்கு மேல் யார் குறுக்கே போனாலும் அவளுக்கு இருட்டுக்குள் இருட்டு.

அக்டோபர் 19, சனி

பேயின் முதுகிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் தொங்குகின்றன. கடையில் இருந்தபோது நுனியில் ‘அழுத்திப் பாருங்கள்’ பொத்தான் இருந்தது. இரண்டையும் தொட வைத்தால் போதும், பேய் எழுந்துகொள்ளும். அவ்வளவுதானே என்று ஒயர்களை முறுக்கி டேப் சுற்றினேன். தலையைத் தூக்கியது, கண் சிவந்தது, உறுமியது, 20 விநாடியில் அடங்கியது. பிறகு அசையவே இல்லை.

புரிய அரை மணி ஆயிற்று. உள்ளே இருக்கும் சர்க்யூட் ஒயர்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவில்லை, சேருகின்றனவா என்று பார்க்கிறது. வகுப்பில் கையைத் தூக்கியே வைத்திருக்கும் பையனை டீச்சர் ஒரு முறைதான் கேட்பார். இறக்கிவிட்டு மறுபடி தூக்கினால்தான் இன்னொரு முறை. எனக்கு வேண்டியது, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கையைத் தூக்கி இறக்கும் ஆள்.

அக்டோபர் 20, ஞாயிறு

555! கல்லூரி லேபில் எத்தனை முறை பிரெட் போர்டில் குத்தியிருப்போம். ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக 1971இல் வடிவமைத்த எட்டுக்கால் டைமர் சில்லு. நான் பிறப்பதற்கு முன்பே கடைக்கு வந்தது, இன்னும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. 10 கிலோ ஓம், 220 கிலோ ஓம், 100 மைக்ரோஃபேரட். கணக்குப்படி 31 விநாடிக்கு ஒரு சுற்று. கடிகாரப்படி 37. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் தன் மேல் அச்சடித்திருப்பதை என்றைக்குக் காப்பாற்றியது? போகட்டும், பேய்க்கு நல்ல நேரம் பார்க்கவா போகிறோம்.

சில்லின் அவுட்புட்டில் ரிலே, ரிலேயின் தொடர்பில் அந்த இரண்டு ஒயர். மூன்று முறை அருமையாக ஆடியது. நாலாவது முறை ரிலே விடுபட்டபோது எல்லாம் நின்றது. சில்லைத் தொட்டால் சுடுகிறது. அப்போதுதான் உறைத்தது: ரிலே சுருளுக்குக் குறுக்கே டயோடு போடவில்லை. கரன்ட்டை வெட்டும்போது சுருள் திருப்பி உதைக்கும் என்று வைவாவில் ஒப்பித்து மார்க் வாங்கியவள் நான். பத்து வருடமாக இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதினால் கை இப்படித்தான் மறக்கும். வீட்டில் இன்னொரு 555 இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

அப்பாவிடம் வாட்ஸாப்பில் புலம்பினேன். மன்னார்குடிப் பக்கம் முப்பது வருடம் ரேடியோ, மிக்ஸி, மோட்டார் என்று கடை வைத்திருந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாப்பா, நம்ம பிள்ளையார் கோயில் மின்மேளம் ஞாபகம் இருக்கா?” என்றார்.

எப்படி மறக்கும்? தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் ஜால்ராவும் தானாக முழங்கும் இரும்புச் சட்டம். அதற்கு பெல்ட் மாற்ற அப்பா போகும்போது திருப்புளிப் பையோடு நானும் போவேன்.

“அதுல என்ன சில்லு இருக்கு? ஒரு மோட்டார், ஒரு கோணச் சக்கரம். சக்கரம் சுத்துனா கோல் தூக்கும், விடும். நீயும் மோட்டாரைச் சுத்த விடு. மேடு வர்றப்ப பொத்தானை அழுத்தட்டும்.”

பின்னாலிருந்து அம்மா குரல்: “சாமிக்கு அடிச்ச மேளத்தைப் பேய்க்கு அடிக்கச் சொல்லிக் குடுங்க. வெளங்கும்.”

அக்டோபர் 24, வியாழன்

நிமிடத்துக்கு ஒரே ஒரு சுற்று சுற்றும் கியர் மோட்டார் தபாலில் வந்தது. அதன் தண்டில் வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியின் மூடியை ஒட்டினேன். மூடியின் விளிம்பில் எதிரெதிராகப் பசைத் துப்பாக்கியால் இரண்டு மேடு. பக்கத்தில் நாக்கு நீட்டிய மைக்ரோ சுவிட்ச். மேடு வந்து நாக்கை அழுத்தும்போது ‘டக்’. தாண்டும்போது இன்னொரு ‘டக்’. முப்பது விநாடிக்கு ஒரு முறை, சில்லும் இல்லை, நிரலும் இல்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேயைப் பார்க்காமல் மூடி சுற்றுவதையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெண்தான்.

சூனியக்காரிக்கு இவ்வளவு பாடு இல்லை. சுடர் போல் நடுங்கும் எல்.இ.டி. மெழுகுவர்த்தி ஒன்றை அவள் சென்சாருக்கு நேராகக் கவிழ்த்துக் கறுப்பு டேப்பால் ஒட்டினேன். அது நடுங்க நடுங்க, யாரோ ஓயாமல் குறுக்கே போய்வருகிறார்கள் என்று நினைத்து ஒரு சிரிப்பு முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குகிறாள். வெளியே இருட்டானாலும் அவளுக்குக் கவலை இல்லை. எலும்புக்கூட்டுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. சூனியக்காரிக்குப் பக்கத்தில் வைத்தேன், அவள் சிரிப்பைக் கேட்டு அதுவும் சிரிக்கிறது. மூன்றிலும் எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஒத்திகை. இரண்டு பாடம்.

ஒன்று: 40 நிமிடத்தில் பேயின் கழுத்து மோட்டார் கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் வாடை வேறு. எப்போதாவது ஆள் வந்தால் ஆடுவதற்காகச் செய்த மோட்டார், உள்ளே நைலான் பல்சக்கரங்கள். அதைப் போய் ஆலைத் தொழிலாளி போல் வேலை வாங்கினால்? கத்தியால் மூடியின் ஒரு மேட்டைச் சீவி எடுத்தேன். இப்போது 20 விநாடி ஆட்டம், 40 விநாடி ஓய்வு. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

இரண்டு: காலையில் வாசல் பிளக்கில் கரன்ட் இல்லை. எக்ஸ்டென்ஷன் ஒயரின் இணைப்பு புல்லில் கிடந்து பனியில் ஊறியிருந்தது. நம் ஊர் வீடுகளில் போடும் ட்ரிப்பர் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும். இங்கே வெளிப்புறப் பிளக்குகளில் இருப்பது ஐந்துக்கே விழுந்துவிடும். நல்லதுதான், பிள்ளைகள் நடமாடும் இடம். இணைப்பை ஒரு டப்பாவுக்குள் விட்டு, செங்கல் மேல் ஏற்றி வைத்தேன்.

கணவர் மீட்டிங்கில் இருந்தபோது பேய் உறுமியதில் அலுவலகத்தில் யாரோ நலம் விசாரித்தார்களாம். பேயின் ஸ்பீக்கர் ஒயரில் ஒரு சுவிட்ச் போட்டுக் கொடுத்தேன்.

மாலை நடைக்குப் போனபோது அடுத்த தெருவில் 12 அடி எலும்புக்கூடு. ஹோம் டிப்போ 2020இல் 299 டாலருக்கு விற்க ஆரம்பித்ததிலிருந்து ஊருக்கு ஊர் நிற்கிறது. எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தாலும் தெரிகிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 30, புதன்

இரவு ஏழரைக்கு அம்மாவின் அழைப்பு. அங்கே விடிகாலை ஐந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. இந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். “கங்கா ஸ்நானம் ஆச்சாடி?” “நாளைக்குக் காலைலம்மா.” பின்னணியில் சரவெடி. அப்பா போனை வாங்கி, “மேளம் ஓடுதா?” என்றார். வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பேயைப் பார்த்தவர், “மூடியைக் காட்டு, மூடியை” என்றார்.

அக்டோபர் 31, வியாழன்

விடிகாலையில் எண்ணெய்க் குளியல், அலுவலகம், மாலையில் உளுந்து வடை. ஆறு மணிக்கு மிட்டாய்க் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்தோம்.

பெரிய பிள்ளைகள் பேயைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒருவன் முதுகுப்புறம் எட்டிப் பார்த்து, “ஓ, டைமரா” என்று சொல்லிவிட்டு இரண்டு சாக்லேட் எடுத்துக்கொண்டு போனான். முன்பெல்லாம் கிட்டே வந்ததும் திடுக்கென்று ஆடும், அலறுவார்கள். இப்போது தெருமுனையிலிருந்தே பார்த்துவிடுவதால் அந்த அலறல் போயிற்று. அது இழப்புதான்.

ஏழேகாலுக்கு வாழைப்பழ வேடத்தில் ஒரு பொடியன், மூன்று வயதிருக்கும். நடைபாதையில் நின்றுவிட்டான். அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. பேய் எழுந்தது. அம்மாவின் காலுக்குப் பின்னால் போனான். அடங்கியதும் எட்டிப் பார்த்தான். அடுத்த முறை எழுவதற்குள் அவனே விரலை நீட்டி ஏதோ எண்ண ஆரம்பித்தான். எண்ணிக்கை முடியும் முன்பே பேய் எழுந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. ஐந்தாறு சுற்று நின்றிருப்பார்கள். மகள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு 38 அடியும் நடந்துபோய் அவனிடம் நீட்டினாள்.

நவம்பர் 2, சனி

நேற்று எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டு, கொலுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இறக்கினேன். இரவு ஒன்றரை மணிக்கு பேஸ்மென்ட்டில் யாரோ சிரித்தார்கள். பதிலுக்கு இன்னொருவரும் சிரித்தார்.

படுக்கையில் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மெழுகுவர்த்தியை நான் பிரிக்கவே இல்லை. பேட்டரிகளும் புதுசு, 31 அன்று போட்டது. இதையெல்லாம் கணவரிடம் விளக்கிச் சொன்னேன். “தெரியுது, நீயே போய் நிறுத்திட்டு வா” என்றார். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் இறங்கினோம்.