மூக்குப் பாரம்

சீமைக் கருவேலம் வெட்டும் அரிவாளின் பாரம் பிடிப் பக்கம் இருப்பதில்லை. பிடியருகே ஒடுங்கித் தொடங்கும் இரும்பு, போகப் போக அகன்று மூக்காக வளைகிறது. எடையில் பெரும்பங்கு அந்த அகலத்தில்தான் சேர்ந்திருக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் காடுகளில் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டுபடுவது பெரும்பாலும் இந்த மரமே. தூரிலேயே பல கிளையாகப் பிரிந்து, முள்ளோடு பின்னிக் கிடக்கும். பச்சையாக இருக்கும்போதே கெட்டி. அடிமரத்தைக் கோடாரி பார்த்துக்கொள்ளும். கிளை கழிப்பது அரிவாளின் வேலை. கை நுழைய முடியாத இடத்தில் முள்கிளையைக் கொத்தி இழுக்கவும் அந்த மூக்குதான் உதவுகிறது.

எடை கூடினால் வெட்டும் கூடும் என்பது பாதி உண்மைதான். வீச்சின் ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் அமைகிறது. எடையை இரட்டித்தால் ஆற்றல் இரண்டு மடங்கு; வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. கை தளர்ந்து வேகம் குறையும் அளவுக்குக் கனத்த அரிவாளால் லாபம் இல்லை. கறிக்கடையில் கணக்கு வேறு. அங்கே புளியங்கட்டைக்கு மேல் கத்தி அதிக உயரம் எழும்புவதில்லை, வேகத்துக்கு இடமும் இல்லை. எலும்பை உடைக்கக் கத்தியின் கனம்தான் வேண்டும். பனையேறியின் பாளை அரிவாளோ இரண்டிலும் சேராது. பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டிய அதற்குக் கனம் இடைஞ்சல், கூர்மை மட்டும் போதும்.

அரிவாளை ஒரு விரலின் மேல் குறுக்காக வைத்து, இருபுறமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பார்த்தால் சமநிலைப் புள்ளி தெரிந்துவிடும். மணிக்கட்டுக்குத் தெரியும் பாரம் வெறும் எடை அன்று. எடையையும், பிடித்த இடத்திலிருந்து அந்தப் புள்ளிவரை உள்ள தூரத்தையும் பெருக்கிய தொகை. 1 கிலோ அரிவாளின் புள்ளி கையிலிருந்து 16 செ.மீ. தள்ளியும், 800 கிராம் அரிவாளின் புள்ளி 20 செ.மீ. தள்ளியும் இருந்தால், நீட்டிப் பிடிக்கும்போது இரண்டும் ஒரே பாரம். ஆனால் வீசத் தொடங்கவும், ஓங்கியதை நடுவில் திருப்பவும் தூரத்தின் இருமடி கணக்கில் வருகிறது. தோராயமாகப் பார்த்தால், எடை குறைந்த அரிவாளுக்கே கால் பங்கு கூடுதல் முயற்சி வேண்டும். தராசில் நிறுத்து அரிவாள் வாங்குகிறவர் ஏமாறும் இடம் இது. ஆடு மேய்ப்பவர்களின் தொரட்டியில் சின்னஞ்சிறு அரிவாளைக் கட்டுவதற்கும் காரணம் இதுவே: நீண்ட கம்பின் நுனியில் ஒவ்வொரு கிராமும் கனக்கும்.

வெட்டு விழும் இடமும் முக்கியம். ஒரே பருமனான கம்பியை ஒரு முனையில் பிடித்து அடித்தால், நீளத்தின் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் அடி விழும்போது கைக்கு அதிர்ச்சி மிகக் குறைவு. மூக்குப் பக்கம் பாரமுள்ள அரிவாளில் அந்த இடம் இன்னும் முன்னே நகர்ந்து, வளைவு தொடங்கும் வயிற்றுப் பகுதியை நெருங்குகிறது. பழகிய கை அங்கேதான் வெட்டை வாங்குகிறது. பிடியருகே வெட்டினால் உள்ளங்கை அதிரும், நாளாவட்டத்தில் பிடியும் ஆட்டம் காணும்.

பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிக்கும்போதே இவற்றில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. முதுகைத் தடிப்பாக விட்டு வாய்ப் பக்கத்தை மெலிய அடித்தால் ஆப்புப்போல மரத்தைப் பிளக்கும். ரொம்பவும் மெலிந்தால் பச்சை மரத்தில் சிக்கிக்கொள்ளும், கணு பட்டால் வாய் மடங்கும். முதுகில் இரும்பைக் குறைப்பது, பிடிக்குள் செல்லும் காம்பை நீட்டுவது, கனத்த பூண் போடுவது எனப் பாரத்தைக் கைப்பக்கம் இழுக்க வழிகள் உண்டு. விறகு வெட்டும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் எடையை மட்டும் குறைத்துக் கொடுப்பதைவிட, மூக்கைச் சற்றுக் குறுக்குவது நல்லது. நாள் முழுக்க வீசினாலும் தோள் தாங்கும்.

சாணை பிடிக்கப் பிடிக்க வயிற்றுப் பகுதி தேய்ந்து, சமநிலைப் புள்ளி பிடியை நோக்கிப் பின்வாங்குகிறது. அப்படித் தேய்ந்த அரிவாள் கருவேலத்துக்கு ஆகாது. ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் சுள்ளி நறுக்கவும் பல காலம் உழைக்கும்.