அவன் எழுதிக் கொடுத்த நாலு ஆல்பம்

ரெண்டாம் வருஷம் ஹாஸ்டல்ல எனக்கு ஒரு ரூம்மேட் இருந்தான். ராத்திரி ஒரு மணிக்கு நாங்க எல்லாரும் ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருக்கும்போது, அவன் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். "என்னடா கேக்குற?"ன்னா "ப்ளூஸ்"ம்பான்.

எனக்குத் தெரிஞ்ச ப்ளூஸ் யூடியூப் கிட்டார் பாடம் மட்டும்தான். பன்னிரண்டு பார், மூணு கார்டு, நம்ம சுத்த தன்யாசியில வர்ற அதே அஞ்சு ஸ்வரம். "ஒரு வாரத்துல போரடிச்சிருச்சு மச்சி"ன்னேன். "நீ இன்னும் கேக்கவே ஆரம்பிக்கல"ன்னு சொல்லி, ஒரு தாள்ல நாலு ஆல்பம் பேர் எழுதிக் கொடுத்தான். நோட்டுக்குள்ள வெச்சேன். மறந்துட்டேன்.

நாலாம் செமஸ்டர் ரிசல்ட்ல அவனுக்கு ஆறு அரியர். லீவு முடிஞ்சு திரும்பி வந்தப்ப அவன் கட்டில் காலியா இருந்தது. படிப்பை நிறுத்திட்டான்னு வார்டன் சொல்லித்தான் தெரியும். மாடல் எக்ஸாமுக்கு முந்தின நாள் அந்த நோட்டைத் திறந்தப்ப தாள் கீழே விழுந்தது. அன்னைக்கு ராத்திரி படிக்கல.

முதல் பேர் ஸ்கிப் ஜேம்ஸ், 'டுடே!' (1966). மிசிசிப்பிக்காரர். 1931-ல, 28 வயசுல, பாரமவுண்ட் கம்பெனிக்காகச் சில பாட்டுகளைப் பதிவு செஞ்சார். அப்போ அமெரிக்கா முழுக்கப் பொருளாதார வீழ்ச்சி, ரெக்கார்டு விக்கல. அதோட அவர் பேரையே உலகம் மறந்துடுச்சு. 33 வருஷம் கழிச்சு, 1964-ல, ப்ளூஸ் பைத்தியம் பிடிச்ச மூணு இளைஞர்கள் தேடிப்போய் அவரை ஒரு ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சாங்க. அதுக்கு அப்புறம் வந்த ஆல்பம் இது. கிட்டாரை மைனர் கார்டுக்கு ஸ்ருதி மாத்தி வெச்சு, மெல்லிசான கள்ளக்குரல்ல பாடுவார். சத்தமே போடாம ஒருத்தர் இவ்வளவு பயமுறுத்த முடியும்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சது.

ரெண்டாவது, ஜூனியர் கிம்ப்ரோவோட 'ஆல் நைட் லாங்' (1992). அவரோட முதல் முழு ஆல்பம் இது. அப்போ அவருக்கு வயசு அறுபதைத் தாண்டியாச்சு. பெரிய ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. மிசிசிப்பியில சுலஹோமாங்கிற ஊர்ல, ஞாயித்துக்கிழமை ஜனங்க வந்து ஆடுற சொந்தக் கொட்டகை வெச்சிருந்தவர். பாட்டு பெரும்பாலும் ஒரே கார்டைச் சுத்திச் சுத்தி வரும். தம்புரா மாதிரி அடியில ஒரு நாதம் ஓடிக்கிட்டே இருக்கும். முதல் ரெண்டு நிமிஷம் 'என்னடா இது'ன்னு தோணும், அப்புறம் காலு தானா ஆடும். கிம்ப்ரோ 1998-ல போயிட்டார், கொட்டகை 2000-ல எரிஞ்சு போச்சு. இப்போ ஆல்பம்தான் மிச்சம்.

மூணாவது, மாலி நாட்டு அலி ஃபார்கா டூரேவோட 'நியாஃபுங்கே' (1999). அதுக்கு முன்னாடியே கிராமி வாங்கினவர். ஆனா அவருக்கு விவசாயம்தான் முக்கியம். அதனால ரெக்கார்டிங் சாமான்களை எல்லாம் நைஜர் ஆத்தோரம் இருக்கிற அவர் ஊருக்கே கொண்டு போனாங்க. வயல் வேலை இல்லாத நேரத்துலதான் வாசிப்பார். அந்த அவசரமில்லாத்தனம் ஒவ்வொரு பாட்டுலயும் கேக்கும். பிற்பாடு அந்த ஊருக்கே மேயர் ஆனார்.

நாலாவது, 'எ மீட்டிங் பை தி ரிவர்' (1993). நம்ம விஷ்வ மோகன் பட்டோட மோகன வீணையும் ரை கூடரோட ஸ்லைடு கிட்டாரும். ரெண்டு பேரும் முதல் தடவையா சந்திச்ச அன்னைக்கே, ஒரு சின்ன தேவாலயத்துல உட்கார்ந்து வாசிச்சது. மொத்தம் நாலே பாட்டு. 'கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்'ல மிசிசிப்பி எங்க முடியுது, கங்கை எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்கவே முடியாது. புதுசா கேக்கிறவங்க இதுல ஆரம்பிங்க, ஸ்கிப் ஜேம்ஸைக் கடைசிக்கு வெச்சுக்குங்க. ஷஃபிள் மட்டும் வேணாம்.

எல்லாத்தையும் கேட்டு முடிச்சு அவனுக்கு போன் போட்டேன். நாப்பது நிமிஷம் பேசினோம், முழுக்க ப்ளூஸ் பத்தித்தான். அவன் ஒரு மாசமா கிளாஸுக்கே வரலன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல. அதைச் சொல்லத்தான் போன் போட்டேன். வாய் வரல.

வெக்கிறதுக்கு முன்னாடி, "அஞ்சாவது என்னடா?"ன்னு மட்டும் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன், ஞாயித்துக்கிழமை கூப்பிடு"ன்னான்.

இந்த ஞாயித்துக்கிழமை அதையும் சொல்லிடணும்.