அறை தெரியும்... வழி தெரியுமா?

கடல் மேல் நிற்கும் மர வீடு, நீச்சல் குளத்தில் மிதக்கும் காலை உணவுத் தட்டு. மாலத்தீவு என்றாலே செல்போனில் வந்து விழுவது இதுதான். வீடியோ போட்டவருக்கு 'பயண நிபுணர்' என்ற பட்டமும் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அவர் உண்மையில் நிபுணரா?

தொலைவில் இருக்கும் பல ரிசார்ட்டுகளுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். அது பகலில் மட்டுமே பறக்கும். இருட்டிய பிறகு மாலே வந்து இறங்கினால், அன்றிரவு அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். ரிசார்ட்டே விருந்தாளியாக அழைத்துப்போகும் பதிவருக்கு இந்தக் கவலை கிடையாது. அதனால் வீடியோவிலும் அது வருவதில்லை.

சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் கிளம்பும் குடும்பத்துக்குத் தேவையான தகவலே வேறு. மாஃபுஷி போன்ற, மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் உண்டு. மாலேயிலிருந்து படகிலேயே போய்விடலாம். அங்கே மதுவுக்குத் தடை. நீச்சலுடையில் குளிக்கத் தனிக் கடற்கரை. இதையெல்லாம் சொல்பவர்தான் வழிகாட்டி.

சொகுசுப் பதிவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நாலு ரிசார்ட்டில் தங்கிய கண்ணுக்கு நல்ல அறை எது என்று தெரியும். ஆனால், அறை மட்டுமே பயணம் இல்லையே!

இலவசத் தங்கலுக்குக் கைமாறாக விளம்பரம் செய்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அட்வான்ஸ் கட்டும் முன், வீடியோவில் 'விளம்பரம்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அறையை ரசியுங்கள். செலவுக் கணக்கை மட்டும் நீங்களே போடுங்கள்.