வீட்டுத் தொலைபேசி வேண்டுமா?

எங்கள் வீட்டு இணைய இணைப்பின் ஒப்பந்த காலம் நவம்பருடன் முடிகிறது என்று செப்டெம்பர் கடைசியில் நிறுவனத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை அழைத்துச் சொன்னார். புதுப்பிக்கும்போது இரண்டு தெரிவுகள் உண்டாம். இணையத்தை மட்டும் பெறலாம். அல்லது இப்போதுள்ள வீட்டுத் தொலைபேசியையும் சேர்த்துத் தொடரலாம். "இப்ப கனபேர் இன்ரநெற் மட்டும்தான் எடுக்கினம் சேர். உங்களுக்கு வீட்டுப் போன் தேவையா?" என்று கேட்டார். அவர் அழைத்தது என் கைத்தொலைபேசிக்கு என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும். யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்தேன்.

அந்தக் கேள்வி எனக்குச் சற்று வேடிக்கையாகவே பட்டது. முதன்முதலில் வீட்டுக்கு இணையம் எடுத்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. தொலைபேசிக் கம்பி இருந்தால்தான் இணையம். டயல்-அப் காலத்தில் நான் மின்னஞ்சல் பார்க்க உட்கார்ந்துவிட்டால் வெளியிலிருந்து எவரும் வீட்டுக்கு அழைக்க முடியாது. அதனால் எத்தனையோ நாட்கள் மனைவியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். பின்னர் வந்த ஏடிஎஸ்எல் முறை, ஒரே செப்புக் கம்பியில் குரலையும் தரவையும் வெவ்வேறு அலைவரிசைகளில் அனுப்பியதால் அந்தச் சண்டை ஓய்ந்தது. அப்போதும் தொலைபேசிதான் வீட்டுக்காரர். இணையம் வாடகைக்கு வந்தவர். இன்று வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை எழும்பச் சொல்கிறார்.

இந்த இணைப்புக்கு நான் விண்ணப்பித்தது 1984 இல். கிடைத்தது 1991 இல். ஏழு ஆண்டுகள். அக்காலத்தில் இது அதிசயமல்ல. விண்ணப்பித்துவிட்டு வெளிநாடு போய், பிள்ளை பெற்று, திரும்பிவந்து பார்த்தபோதும் இணைப்பு வந்திருக்காதவர்களை எனக்குத் தெரியும். திணைக்களமாக இருந்தது 1991 இல் கூட்டுத்தாபனமாகி, 1996 இல் கம்பனியாகி, 1997 இல் ஜப்பானின் என்ரிரி நிறுவனம் பங்காளியாக வந்த பின்னர்தான் காத்திருப்போர் பட்டியல் வேகமாகக் குறையத் தொடங்கியது. 1996 இலேயே கம்பியில்லாத் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டு போட்டிக்கு இறங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

மனைவியின் நிலைப்பாடு தெளிவானது. "ஆர் எடுக்கினம் இப்ப அந்தப் போனுக்கு? ரொறன்ரோவில இருந்து மகன் வாட்ஸ்அப்பில எடுக்கிறான். கரன்ட் பில், தண்ணி பில் எல்லாம் உங்கட கைபோனுக்குத்தான் வருது. சும்மா வாடகை கட்டுறம்" என்றாள். மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை. ஆகவே ஒக்டோபர் மாதம் முழுவதும் வந்த அழைப்புகளை எழுதி வைப்பது என்று இருவரும் உடன்பட்டோம். பத்திரிகைக்காரன் வீட்டில் எதற்கும் கணக்கு வேண்டும்.

முப்பத்தொரு நாட்களில் 23 அழைப்புகள். எடுத்ததும் பேசாமல் அறுந்துபோனவையும் விளம்பரக் குரல்களும் 9. ஏறக்குறைய எங்கள் எண்ணையே கொண்ட ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வந்தவை 5. (அதில் ஒருவர் பிழையான எண் என்று சொன்ன பிறகும் பிரியாணி இருக்கிறதா என்று கேட்டார்.) கருத்துக்கணிப்பு என்று வந்தவை 4. மனைவியின் சொந்தக்காரரிடமிருந்து 3. மிகுதி இரண்டும் மரண அறிவித்தல்கள். எழுபது வயதைத் தாண்டிய நம்மவர்கள் இழவு சொல்ல இன்னும் வீட்டுத் தொலைபேசியைத்தான் நம்புகிறார்கள். எனினும் கணக்கு மனைவியின் பக்கமே சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் மின்வெட்டை எடுத்துப் போட்டேன். 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினார்கள் அல்லவா? அப்போது கைத்தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலங்கள் இறங்கிவிட, எங்கள் மாடியில் சிக்னல் இல்லாமற்போனது. வீட்டுத் தொலைபேசி மட்டும் உயிரோடிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் நம் வீட்டிலிருந்து போவதில்லை. தொலைபேசி நிலையத்தில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய மின்கலங்களிலிருந்து 48 வோல்ற் நேரோட்ட மின்னாக அதே கம்பி வழியாக வருகிறது. ஊர் இருண்டாலும் மணி அடிப்பது அதனால்தான்.

ஆனால் நான் சொன்னது பழைய கதை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. 2023 இல் எங்கள் மாடிக்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்து, செப்புக் கம்பியை அகற்றிவிட்டார்கள். இழை ஒளியைக் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. இன்று எங்கள் தொலைபேசி, மேசையிலுள்ள றவுட்டரின் முதுகில் செருகப்பட்டிருக்கிறது. வீட்டில் மின்சாரம் போனால் றவுட்டரும் தொலைபேசியும் ஒன்றாகவே கண்ணை மூடும். ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான். ஆக, வீட்டுத் தொலைபேசியை வைத்திருக்கச் சொல்லப்படும் மிகப் பெரிய காரணம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இல்லாமற் போய்விட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் தடைசெய்தபோது சாதாரண அழைப்புத்தான் உதவியது என்றேன். அதைக் கைத்தொலைபேசியிலும் எடுக்கலாமே என்றாள் மனைவி. சரிதான்.

அந்த எண்ணைத் தவிர விடுவதற்கு வேறெதுவும் மிஞ்சவில்லை என்ற இடத்தில்தான் எனக்குத் தயக்கம் வந்தது.

தொழிலில் இருந்த காலத்தில் அந்த எண் பாதி அலுவலகமாகவே இயங்கியது. ஊரடங்குச் சட்ட இரவுகளில் ஆசிரியபீடத்துக்குப் போக முடியாது. பிராந்திய நிருபர்கள் வீட்டுக்கு அழைத்துச் செய்தியை வாசிப்பார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் றிசீவரை இடுக்கிக்கொண்டு எழுதுவேன். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுத வேண்டும். பிழையாகப் போட்டால் மறுநாள் உயிரோடிருக்கும் ஒருவரின் வீட்டில் ஒப்பாரி எழும்பும். அந்த நிருபர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களிடம் என் கைத்தொலைபேசி எண் இருக்கிறது.

இல்லாதது ஒருவரிடம்தான். மட்டக்களப்புப் பக்கத்து அம்மா அவர்.

1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களிடையே இருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் எவரும் வீடு திரும்பவில்லை. அந்த அம்மாவின் மகன் அதில் ஒருவன். 1994 இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு சாட்சியங்களைப் பதிவுசெய்த காலத்தில் எழுதுவதற்காகப் போனபோது அவரைச் சந்தித்தேன். புறப்படும்போது, ஏதும் தெரிந்தால் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று கேட்டார். அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, என் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு தடவை, செப்டெம்பரில் அழைப்பார். முன்பு சந்தியில் இருந்த கொமினிகேசனிலிருந்து. இப்போது மகளின் கைத்தொலைபேசியிலிருந்து. "தம்பி, ஏதும் கேள்விப்பட்டீங்களா?" இல்லை அம்மா என்பேன். மனைவியின் நாரிநோவு எப்படி என்று விசாரிப்பார். இரண்டு நிமிடம் இருக்காது. நாங்கள் கணக்கெடுத்தது ஒக்டோபர் என்பதால் இந்த அழைப்பு அந்த 23 இல் வரவில்லை.

2003 இல் தொலைபேசி எண்கள் மாறின. கொழும்பின் 01 என்ற குறியீடு 011 ஆயிற்று. ஆறு இலக்க எண்ணுக்கு முன்னால் 2 சேர்ந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்ன நான் அவரை மறந்துபோனேன். அந்த ஆண்டு அழைப்பு வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார் போலும் என்றுகூட எண்ணினேன். டிசம்பரில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. உங்கள் எண் வேலை செய்யவில்லை, என்மேல் கோபமா என்று கேட்டிருந்தார். நான் அவசரமாகப் புதிய எண்ணை எழுதி அனுப்பினேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

அந்த எண்ணை அவர் வேறோர் இடத்திலும் கொடுத்திருக்கிறார் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. காணாமற்போனோர் பற்றிய ஒவ்வொரு படிவத்திலும் "தொடர்புகொள்ள வேண்டிய தொலைபேசி இலக்கம்" என்று ஒரு கட்டம் இருக்கும். ஆணைக்குழுக்கள் வந்தன, போயின. 2016 இல் சட்டமாகி 2018 இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் அவர் நிரப்பியது என் வீட்டு எண்ணை. கொழும்பு எண் என்றால் ஒரு மதிப்பு இருக்கும், பத்திரிகைக்காரத் தம்பி விஷயத்தை விளங்கிச் சொல்லுவார் என்பது அவருடைய எண்ணம். இத்தனை ஆண்டுகளில் ஓர் அலுவலகத்திலிருந்தும் அந்த எண்ணுக்கு ஓர் அழைப்பும் வந்ததில்லை.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். "அப்ப உங்கட கைபோன் நம்பரை அவவுக்குக் குடுங்கோவன்" என்றாள். நியாயமான யோசனைதான். செப்டெம்பரில் அழைப்பு வந்த இலக்கம் குறித்து வைத்திருந்ததால் மறுநாளே எடுத்தேன். மகள்தான் பேசினார். என் கைத்தொலைபேசி இலக்கத்தை அவர் குறித்துக்கொண்டார். படிவங்களில் உள்ள எண்ணை மாற்ற முடியுமா என்று கேட்டேன். எந்தெந்த அலுவலகத்தில் எந்தெந்தப் படிவம் கொடுத்தோம் என்று தமக்கே தெரியாது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஐயா, அம்மாக்கு உங்கட பழைய நம்பர் பாடம். கண் தெரியாட்டியும் அதைச் சொல்லுவா. இனிப் புதுசா ஒண்டைப் பாடமாக்கச் சொல்ல ஏலாது."

இணைய நிறுவனத்துக்கு அழைத்து, அந்த எண்ணைக் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடலாமா என்று விசாரித்தேன். திருப்பலாம், ஆனால் அதற்கும் வீட்டு இணைப்பு இருக்க வேண்டும் என்றார் அதே பெண்பிள்ளை. "அப்ப போனும் வேணும்தானே சேர்?" என்றார். வேணும் என்றேன். எத்தனை வருட ஒப்பந்தம் என்று கேட்டார். இரண்டு என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவுக்கு எத்தனை வயதிருக்கும் என்று கணக்குப் பார்த்தேன்.

யூபிஎஸ் வாங்கும் செலவுக்கு மனைவி இன்னும் சம்மதம் தரவில்லை. செப்டெம்பர் வருவதற்குள் கேட்டுப் பார்க்க வேண்டும்.